குப்புறக் கிடந்தவள்

எட்டு வாரமாக ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு
துணி மடிப்பதைக்கூடத் தள்ளிவைத்தேன்.
எழும்பூர் ஆவணக் காப்பகத்தில்
அந்தக் கோப்பை எடுத்துக் கொடுத்தவள் நான்.
தும்மிக்கொண்டே, மூன்று நாள் தேடி.
வந்த பையன் நல்லவன், உதவி இயக்குநர்.
பென்சிலால்தான் குறிப்பெடுக்க வேண்டும் என்றதும்
கடைக்கு ஓடிப்போய் வாங்கி வந்தான்.
"அப்படியே எடுக்கப்போறோம் மேடம்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்கு, சித்திரை.
பவழக்காரத் தெரு அச்சுக்கூடமொன்றின் பின்புறம்
தாள் மடிக்கும் தாயாரம்மாள்
செத்துக் கிடந்தாள்.

திரையில் மழை.
முதல் காட்சியிலிருந்து எட்டாவது எபிசோடுவரை
விடாத மழை.
சித்திரையில், சென்னையில்!
வியாசர்பாடிக் குடியிருப்பில்
மின்விசிறி வெந்நீர்க் காற்றை ஊற்ற
நானும் சகாயமும் பார்த்துக்கொண்டிருந்தோம்.
"ஒருத்தராவது குடை வச்சிருக்காங்களா பாரு" என்றார்.

டிராம் வந்தது. யாரும் இறங்கவில்லை.
கணினி வரைந்த டிராமிலிருந்து எப்படி இறங்குவது?
பவழக்காரத் தெரு
காரைக்குடித் தூண்களோடு நின்றது.

இன்ஸ்பெக்டருக்கு எல்லாம் இருந்தது:
இறந்த மனைவி, வயலின்,
சுவர் முழுக்கச் சிவப்பு நூல் இழுத்த புகைப்படங்கள்.
கோப்பில் இருக்கிற இன்ஸ்பெக்டர்
பேதி என்று பதினோரு நாள் விடுப்பில் போனவர்.

தாயாரம்மாளுக்கு வசனமில்லை.
முகம்கூட இல்லை.
குப்புறக் கிடந்தாள்,
ஒவ்வொரு வாரமும் முன்கதைச் சுருக்கத்தில்
மறுபடி மறுபடி குப்புற.

மடியில் இருந்தவற்றை எழுதிவைத்திருக்கிறார்கள்.
காலணா மூன்று. பாதிக் கொட்டைப்பாக்கு.
ராயபுரத்துக்கு டிராம் சீட்டு.
நெளிந்த வளையல் ஒன்று, அவளுடையதல்ல,
பற்றவைத்துத் தருவதாக வாங்கிப்போனது.
கூட வேலைபார்த்த மங்கத்தாயாரு, பக்கம் பதினேழு:
"அவ சிரிச்சா மிஷினை நிறுத்திட்டுப் பாப்பாங்க."
அந்தப் பக்கத்தை நானே விரித்துக் காட்டினேன்.
பையன் எழுதிக்கொண்டான். பார்த்தேன்.

கடைசி வாரம் கொலைகாரனைப் பிடித்துவிட்டார்கள்.
கோப்பின் கடைசித் தாளில்
'துப்பு இல்லை' என்று ஊதா மை.
அப்படி முடித்தால் யார் பார்ப்பார்கள், அதுவும் நியாயம்தான்.
ஆனால் பிடிபட்டவன் பத்து நிமிடம் பேசினான்,
அழகான தமிழில், நனைந்தபடி,
அவள் ஏன் சாக வேண்டியிருந்தது என்று.
சகாயம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
நான் எழுந்துபோய்ப் பால் காய்ச்சினேன்.

போன செவ்வாய் அதே பையன் வந்தான்.
இப்போது தாடி. பென்சில் கையோடு.
இரண்டாவது சீசனாம். வேறொரு எண் தந்தான்.
உள்ளே போனேன். மூன்றாம் தட்டில் இருந்தது,
நாடா கட்டி, பூச்சி படாமல்,
மேலட்டையில் ஒரு பெண்ணின் பெயர்.
தும்மல் வரும்வரை அங்கேயே நின்றேன்.

வெளியே வந்து,
"கரையான் தின்னுடுச்சு தம்பி" என்றேன்.

முகம் வாடி, பையை மாட்டிக்கொண்டு,
படியிறங்குமுன் திரும்பினான்.
"நம்ம தொடர் பாத்தீங்களா மேடம்?"

"மழை நல்லா இருந்துச்சு."