முன்பக்கத்துப் பேரிங்

முள் நடுங்கியது.
மில்லிமீட்டரை நூறாக்கி அதில் நான்கு பங்கு.
கண்ணுக்குத் தெரியாது.
ஸ்பிண்டில் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தால் தெரியும்:
நெரிசல் பேருந்தில்
இருமலை அடக்கி நிற்பவரின் முதுகு.

ஸெஸ்டபோனியில் என் பட்டறை.
குளிர்காலம் முழுதும் அரவை ஆலைக்குப் புஷ் கடைந்தேன்.
பரப்பெங்கும் அலை விழுந்தது.
வாங்க வந்த கொர்னெலி
நகத்தால் சுரண்டிப் பார்த்து,
"எத்தேரி, இது புஷ்ஷா, மரையாணியா?" என்றான்.
பதில் சொல்லாமல்
லேத்தின் மூடியைக் கழற்றினேன்.

இரட்டை வரிசை உருளைகள்.
மூன்றில் அம்மைத் தழும்பு.
வளையத்தில், கிரீஸைத் துடைத்தால், ஏழு இலக்கம்.
அதற்கு முன்னால் சிறு கோடு,
கோட்டுக்கும் முன்னால்
துல்லியத்தைச் சொல்லும் ஒற்றை நாலு.
பணமெல்லாம் அந்த நாலுக்குத்தான்.

திபிலிசியில் ஒரு வியாபாரி விலை சொன்னான்.
லேத்தையே அதில் பாதிக்கு வாங்கியிருந்தேன்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
"பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள் அம்மா,
புது லேத் வந்திருக்கிறது, அழகாக, பச்சையாக."
ஃபோனை வைத்தேன்.
நான் பச்சை கேட்கவில்லை.

குத்தாயிஸி சந்தையில்
கார் கண்ணாடிகளுக்கும் தேன் போத்தல்களுக்கும் நடுவே
ஒருவன் புதுப் பெட்டி நீட்டினான்.
மெழுகுக் காகிதம், முத்திரை, தேதி எல்லாம் சரி.
விரல்நுனியால் எண்ணைத் தடவினேன்.
ஏழும் வழுவழுப்பு.
நாலு மட்டும் சொரசொரத்தது, கொஞ்சம் சாய்ந்து,
வரிசையின் முன்னால் வந்து செருகிக்கொண்டவனைப் போல.
"இது நீ எழுதியதா?"
"கையெழுத்து நல்லாயில்லையா?" என்றான்.
சிரித்துவிட்டேன். வாங்கவில்லை.

பாக்குவிலிருந்து ஒருவர் படம் அனுப்பினார்;
துரு மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது.
யெரவானில் ஒருத்தி இருக்கிறது என்றாள்,
இரண்டு நாள் கழித்து இல்லை என்றாள்,
மூன்றாம் நாள்
உங்கள் ஊரில் பனி விட்டதா என்று கேட்டாள்.

மிச்சம் முர்த்தாஸ்.
குவிரிலா ஆற்றுக்கு அக்கரை.
அதே வகை லேத், மோட்டார் எரிந்து, தார்ப்பாய்க்கு அடியில்.
மருத்துவமனைக் கட்டில்களின் சக்கர வேலையை
அவனைவிடக் குறைத்துச் சொல்லி நான் எடுத்ததிலிருந்து
ஆறு வருடமாய்
பாலத்தில் எதிர்ப்பட்டால் தண்ணீரைப் பார்ப்பான்.

கெட்ட பேரிங்கைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன்.
"விற்க மாட்டேன்."
"சரி."
"சரி என்றால் ஏன் நிற்கிறாய்?"
"மழை."
மழை பெய்யவில்லை.

வானத்தைப் பார்த்தான். தார்ப்பாயை இழுத்தான்.
இரண்டு மணி நேரம் ஒரே ஒரு வாக்கியம்:
"அந்த ஸ்பானர் இல்லை, பெரியது."
சரிவிலிருந்து வளையம் இறங்கியபோது
நெடுநேரம் குந்தியிருந்தவன்
எழுந்த மாதிரி ஒரு சத்தம்.
மண்ணெண்ணெயில் அலசினோம்.
சுழற்றி, காதருகே பிடித்தேன்.
ஒன்றும் கேட்கவில்லை;
வேண்டியதும் அதுதான்.

"விலை?"
"உன் கெட்டதைக் கொடுத்துவிட்டுப் போ."
"எதற்கு?"
"திறந்து கிடந்தால் எலி புகும்."

மோட்டார் இல்லாத லேத்தில்
என் தழும்பு உருளைகளைக் கிரீஸ் தடவிப் பொருத்தினான்.
நட்டைக் கொஞ்சம் முறுக்கினான், தளர்த்தினான்,
மறுபடி ஒரு மயிரளவு.
யாரும் கேட்காமலே டயலை ஊன்றி
சக்கைக் கையால் திருப்பினான்.
நூறில் மூன்று.
"உன்னிடம் எவ்வளவு?"
"நான்கு."
"ம்" என்றான்.
ஆறு வருடத்துக்கும் சேர்த்து அந்த ஒரு ம்.

என் பட்டறையில் இப்போது முள் அசைவதில்லை;
அசைந்தாலும் ஆயிரத்தில் ஐந்து.
கொர்னெலியின் நகம் வழுக்குகிறது.
அதனால் விலையைப் பற்றி மட்டும் சண்டை போடுகிறான்.

மூன்று ஃபேஸ் மோட்டார் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.
யாருக்கென்று முர்த்தாஸிடம் சொல்லவில்லை.
பாக்குக்காரர் படம் அனுப்பியிருக்கிறார்.