பின்பக்கத்துக் கல்

பழைய தபால் கந்தோரை இடிப்பதா, வைப்பதா?
நாவலப்பிட்டி நகரசபையில் கூட்டம்.
கதிரை பதினெட்டு. வந்தவர் அறுபதுக்கு மேல்.
குறிப்பெடுப்பது நான்.
தகரத்தில் மழை, பாதிப் பேச்சு விழவில்லை.

பொறியியலாளர் வரைபடம் விரித்தார்.
பாதுகாக்க வேண்டியவை:
மணிக்கூடு, தேக்குக் கதவு, முன்தூண்கள்.
பின்பக்கம் வாகனத் தரிப்பிடம்.

ஜவ்பர் நானா சுண்ணாம்பு தருவாராம்.
விஜேகோனுக்கு மணிக்கூடு திருத்த ஆள் தெரியுமாம்.
கைதட்டல்.

செவனம்மா எழும்பினார்,
விரலெல்லாம் கொழுந்துக் கறை.
"பின்னால ஒரு ஜன்னல் இருக்குங்க.
முன்வாசல்ல எங்காளுகள விடமாட்டாங்க.
மணியோடருக்கு அப்பா நின்ன கல்லு
தேஞ்சு கெடக்கு. பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை.

மழை விடவில்லை.
இருபது குடைகள் பின்பக்கம் போயின.
நனைந்த கடதாசிப் பெட்டிகளை
ஆளுக்கொன்றாய்த் தூக்கினோம்.
இருந்தது கல்,
நடுவில் குழிந்து, ஒரு கை தண்ணீர் ஏந்தி.
பொறியியலாளர் குந்தி அளந்தார்:
ஒன்றரை அங்குலம்.

பட்டியலில் நான்காவதாய்ச் சேர்த்தேன்.
'அமைத்தவர்' என்றொரு கட்டம்,
மேலே மூன்றிலும் துரைமார் பெயர்.
நின்றவர்கள் என்று எழுதினேன்.
மை கொஞ்சம் ஊறிவிட்டது.

தீர்மானம் அடுத்த மாதம்.