இருவருக்கு

வக்கீல் கடிதத்தில் வீடு இருந்தது, படகு இருந்தது,
பனி ஸ்கூட்டரும் அதன் மிச்சக் கடனும் இருந்தன.
நிலவறை ஃப்ரீசர் மட்டும்
எந்தப் பத்தியிலும் இல்லை.

சனிக்கிழமை வந்தாய், ஸ்டெல்லான்,
மீன் பெட்டி ஒன்றும் பழைய செய்தித்தாள் கட்டுமாக.
மூடியைத் தூக்கினோம்.
இருவர் முகத்திலும் அடித்தது ஒரே புகை.

எது யார் கட்டியது என்று
கேட்கவே வேண்டாம்.
என் பைகள் தட்டையாய், அலமாரிப் புத்தகம்போல் நிமிர்ந்து.
தண்ணீரில் அமிழ்த்திக் காற்றை வெளியே தள்ளி
வாயை மூடும் நொடியில்
நானும் மூச்சடக்கிக் கட்டியவை.
தேதி, எடை, மூஸ் மானின் எந்தப் பாகம்,
எல்லாம் எழுதியிருக்கும்.
உன்னுடையவை வெறும் முடிச்சுகள்.
ரொட்டிப் பையில் திணித்த தொடைக்கறி
ஓரம் வெளுத்து அட்டையாய்க் காய்ந்திருந்தது.
'குளிர் சுட்டுவிட்டது' என்றேன்.
'வெந்தால் தெரியாது' என்றாய்.
இருபத்தாறு வருஷமாய் அதே பதில்.

கொத்துக்கறி உனக்கு ஒன்பது, எனக்கு ஒன்பது.
சதுப்பில் பறித்த மஞ்சள் பழம் ஏழு டப்பா;
கொசு என்று சொல்லி நீ காரிலேயே இருந்த வருஷம் அது.
உனக்கு இரண்டு.
நீ பிடித்த மீனை நீயே எடுத்துக்கொள்.

அப்புறம் சூப்.
உறையும்போது உப்பும் என்று
விரலளவு இடம் விட்டு நான் ஊற்றிய எலும்பு சூப்.
பதினான்கு டப்பா.
பதினான்கு மூடியிலும் என் கையெழுத்து:
இருவருக்கு.

'ஏழு ஏழு' என்றாய்.
பிறகுதான் சொன்னாய்,
உமியோவில் உன் புது அறையின் ஃப்ரீசர்
ஒரு செருப்புப் பெட்டி அளவுதான் என்று.
'உருக்கிப் பிரித்தால் என்ன, மைலீஸ்?'
உருகியதைத் திரும்ப உறையவைக்கக் கூடாது.
அது உனக்கும் தெரியும்.

கொட்டகையிலிருந்து எலும்பு அறுக்கும் ரம்பத்தைக் கொண்டுவந்து
கொதிநீர் ஊற்றிக் கழுவினேன்.
வாசற்படியில் மைனஸ் நான்கு.
நீ கையுறையோடு பிடித்துக்கொள்ள
நான் அறுத்தேன்.
பழுப்புத் தூள் பறந்து உன் பூட்ஸில் விழுந்தது.
பக்கத்து வீட்டு நாய் வேலி தாண்டி வந்து
நக்கிவிட்டுப் போனது.
சிரித்தது யார் முதலில், தெரியாது.
நேராக அறுபடவில்லை எதுவும்.
ஒன்றில் கேரட் முழுவதும் உன் பக்கம்;
இன்னொன்றில் எனக்கு வெறும் தண்ணீர்.
'மாற்றிக்கொள்ளலாமா?' என்றாய்.
இருக்கட்டும் என்றேன்.

வெட்டுமுகத்தில் காற்றுப் படாமல்
பிளாஸ்டிக் தாளை இறுக்கிச் சுற்றி
மேலே உன் செய்தித்தாளைச் சுற்றினேன்.
எழுதப் போனால் பேனா குளிரில் விறைத்திருந்தது.
அக்குளில் வைத்துச் சூடேற்றினேன்.
நீ பெட்டியைத் தூக்காமல் நின்றாய்.

'தேதி மட்டும் போதும்' என்றாய்.

தேதி போட்டேன்.