நெஞ்சுக்கு நான்கு விரற்கடை

முதுநகர் ஐஸ் ஃபாக்டரியின் பின்சுவர்தான்
எங்கள் ஜிம்முக்குப் பக்கச்சுவர்.
ஐந்தரை மணிக்கு மேல்
அங்கே பாளம் உடைவதும்
இங்கே தட்டு மோதுவதும்
ஒரே சத்தமாகிவிடும்.

பெஞ்ச் சட்டையைச் சட்டை என்று சொல்வது மரியாதைக்கு.
பொத்தான் இல்லை, பை இல்லை, இரக்கம் இல்லை.
கைகள் இரண்டும் முன்னால் நீட்டியபடியே
தைத்துவைத்திருக்கிறார்கள்,
யாரிடமோ கடன் கேட்பதைப் போல.

எனக்கு வந்தது லாஸ்பேட்டையிலிருந்து,
தோளில் அறுவை செய்துகொண்டு
விளையாட்டை விட்டவளிடம், பாதி விலைக்கு.
காலரின் உட்புறம் மார்க்கரில்
அ. ழூலியத் என்றிருக்கிறது.
துவைத்துப் போகவில்லை.
நானும் அழுத்தித் தேய்க்கவில்லை.

மாட்டிவிட இரண்டு பேர் வேண்டும்.
பவுனு ஒரு கை, தமீமா ஒரு கை,
பிளாஸ்டிக் பையைச் சுற்றி உள்ளே தள்ளுவார்கள்.
“மூச்ச விடுக்கா. முழுசா விடு.”
போன வாரம் கன்றிய அக்குள்
அதே இடத்தில் மறுபடி கன்றும்.
இருபது நிமிடம் கழித்து
நான் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை.
மூக்கு அரித்தால் தமீமாதான் சொறிய வேண்டும்.
நேற்று போனையும் அவளே காதில் பிடித்தாள்.
சின்னவன்:
“அம்மா, சப்பாத்திக் கட்டை எங்க?”
விரல்கள் மரத்து நீலம் பாய்வதைப் பார்த்துக்கொண்டே
இடத்தைச் சொன்னேன்.

பகலில் சிப்காட் சாலை எடைமேடையில் எனக்கு வேலை.
லாரி ஏறும். சிவப்பு எண்கள் தடுமாறி நிற்கும்.
காலி எடை, சரக்கோடு எடை, ரசீது.
இருபத்திரண்டு டன்னில்
இருபது கிலோ முன்னே பின்னே இருந்தால்
எவரும் கேட்பதில்லை.
சாயங்காலமானால்
இரண்டரை கிலோவுக்காக மூன்று பொம்பளைகள்
கால் மணி நேரம் வாதாடுகிறோம்.

ஏனென்றால் இதற்கு ஒரு குணம்.
நூறு கிலோவுக்குக் கம்பி நெஞ்சுக்கு வராது.
முதுகை வில்லாக்கி
குதிகாலால் தரையை மிதித்து
இழுத்துப் பார்க்கிறேன்,
கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி
நான்கு விரற்கடை மேலேயே நிற்கிறது.
நூற்றுப் பத்துக்கு, இரண்டு விரற்கடை.
தூக்குவதற்கு அல்ல,
இறக்குவதற்கே
இன்னும் ஏற்ற வேண்டியிருக்கிறது.

வீட்டுக்காரரிடம் விளக்கிப் பார்த்தேன்.
“அப்ப அதைக் கழட்டிட்டுத் தூக்கேன்” என்றார்.
கழற்றினால் எழுபதோடு சரி.
மீதி நாற்பது துணியுடையதா, ழூலியத்துடையதா,
எந்த ரசீதில் எழுதுவது?

சேலத்துப் போட்டிக்குப் பதினோரு நாள்.
இன்று நூற்றுப் பதினேழரை.
பவுனு கம்பியைக் கையில் கொடுத்து விலகினாள்.
தமீமா நடுவர்: “ஸ்டார்ட்.”

இறங்குகிறது.
ஒவ்வொரு தையலும் தனித்தனியே முனகுகிறது.
வயிற்றுப் பக்கம் ஓடப் பார்க்கிறது கம்பி.
செவ்வாய்க்கிழமை அப்படி ஓடித்தான்
விலாவில் விழ இருந்ததைப் பிடித்தார்கள்.
இன்று ஓடவில்லை.
தொட்டது.
ஒரு வண்டு வந்து உட்கார்ந்தாற்போல்.

அசையக் கூடாது,
அவள் சொல்லும் வரை.
சொல்லவில்லை.
ஜன்னல் வழியே சிப்காட் வாடை வந்தது, போனது.
பக்கத்தில் ஒரு பாளம் உடைந்தது.
இன்னும் சொல்லவில்லை.
பாவி, சொல்லேன்டி.

“பிரஸ்!”

பாதி வழி சட்டை தூக்கிவிட்டது.
அங்கே கை கழுவிவிட்டது.
முழங்கை நிமிர்வதற்கு முந்தைய
அந்த ஒரு சாண்
ரசீதில்லாமல் என்னிடம் வந்தது.
இடது நடுங்க, வலது அதற்காகக் காத்திருக்க,
கோணலாக,
காறித் துப்புகிற மாதிரி ஒரு சத்தத்தோடு.

“ரேக்.”

கழற்றும்போதுதான் பவுனு பார்த்தாள்,
இடது அக்குளில் மூன்று தையல் விட்டிருந்தது.
நாளைக் காலை
திருப்பாதிரிப்புலியூர் டெய்லரிடம் கொடுக்க வேண்டும்.
அது எதற்கான சட்டை என்று அவருக்கு இன்னும் தெரியாது.
“ரொம்பப் பிடிக்குதேம்மா,
கொஞ்சம் லூஸ் பண்ணித் தரட்டுமா?” என்பார்.
வேண்டாம் அண்ணே,
இன்னும் அரை இஞ்ச் பிடிங்க.