முன் வலது

டுலூத்தில் ஏப்ரல் மாதம் உப்பு வெளியே வரும்.
ஐந்து மாதமாய்ச் சாலையில் கொட்டியதெல்லாம்
கார்களின் அடிவயிற்றிலிருந்து உதிர்ந்து
எங்கள் கடைத் தரையில் பூக்கும்.

ட்வைலா நிஸ்கனென்
டிக்கியில் காற்றடிக்கும் பம்ப்போடு வந்தாள்.
"தினம் வேலைக்குப் போகுமுன்
நாலு சக்கரத்துக்கும் மூச்சுக் கொடுக்கிறேன்.
போதும். இந்தப் பளபளப்பை எடுத்துவிடுங்கள்."

டயரைப் பிரித்ததும் தெரிந்தது.
விளிம்பில் குரோம் உரிந்து
வெங்காயத் தோலாய்ச் சுருண்டிருந்தது.
வெங்காயத் தோல் கையைக் கிழிக்காது.
இது கிழித்தது.
சுருளுக்கும் ரப்பருக்கும் நடுவே
காற்று தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது,
யாரிடமும் சொல்லாமல்.

"முன்னாள் கணவர் வாங்கி மாட்டியது," என்றாள்.
"பிறந்தநாளுக்கு. என் பிறந்தநாளுக்கு."
நான் ரசீது எழுதினேன்.

மணல் வீசி எடுத்துவிடலாம் என்பவர்கள்
குரோமோடு மல்லுக்கட்டிப் பார்க்காதவர்கள்.
பூசின வழியிலேயே திரும்பி நடக்க வேண்டும்:
அமிலத் தொட்டி, ஈயத் தகடு,
மின்சாரம் தலைகீழாக.
முதலில் குரோம். மயிரிழைக் கனம்கூட இல்லை,
அத்தனை ஆட்டமும் அதற்குத்தான்.
பிறகு நிக்கல், லேசாய் மஞ்சள் ஓடிய வெள்ளை.
பிறகு செம்பு.
நாலு சக்கரமும் புதுக் குடம்போல் சிவந்து நிற்கும்
அந்த அரைமணி நேரத்துக்கு
யாரும் காசு தருவதில்லை.

அடியில் அலுமினியம்.
ஏரிமேல் மழைக்கு முந்திய சாம்பல்.

மூன்று சரி.
முன் வலதில், ஆரக்கால் விளிம்பைத் தொடும் இடத்தில்
ஒரு தழும்பு.
விரிசலைப் பற்றவைத்து, அரத்தால் தேய்த்து,
செம்பும் நிக்கலும் குரோமும் போர்த்திப்
புதிதென்று விற்றிருக்கிறார்கள்.
பற்றவைப்புக்குப் பக்கத்திலேயே
இன்னொரு விரிசல் கிளம்பியிருந்தது.
தடவினால் நகம் நின்றது.

லோவல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"நீயே போன் பண்ணிவிடு," என்றார்.
அவர் எப்போதும் அப்படித்தான்.

சொன்னேன்.
அவளுக்குப் பின்னால்
மருத்துவமனை ஒலிபெருக்கி யாரையோ இருமுறை கூப்பிட்டது.
"அவருக்குத் தெரிந்திருக்குமா?"
சக்கரத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது என்றேன்.
"எது?"
முன் வலது.
"என் பையன் உட்காரும் பக்கம்."
அதற்குமேல் விலை மட்டும் பேசினோம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், சுப்பீரியரில்,
கழித்த கார்கள் கிடக்கும் காட்டில்
அதே அச்சில் ஒன்று கிடைத்தது, அறுபது டாலர்.
வார்ப்பு அலுமினியம் உள்ளே மூச்சைப் பிடித்து வைத்திருக்கும்;
பொடி தூவுமுன் ஒருதரம் வெறுமனே சுட்டு
விடச் சொல்ல வேண்டும்.
இல்லாவிட்டால் பூச்சில் கொப்புளம்.
பிறகு சாம்பல் பொடி, இருநூறு டிகிரி, இருபது நிமிடம்.
அடுப்பிலிருந்து வந்தபோது
எது சுப்பீரியர்க்காரன் என்று எனக்கே தெரியவில்லை.
உள்பக்கம் சுண்ணாம்பில் ஒரு புள்ளி வைத்திருந்தேன்.
அதுவும் பூச்சுக்குள் போய்விட்டது.

எடுத்த குரோம் எங்கேயும் போய்விடவில்லை.
பின்கட்டில், நீல டிரம்மில்,
தேன்நிறத் தண்ணீராய் நிற்கிறது.
பட்டால் தோல், முகர்ந்தால் நுரையீரல்.
மாதம் ஒரு வண்டி வரும்.
காகிதத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில்
என் கையெழுத்து.

சனிக்கிழமை வந்தாள். காரை ஒரு சுற்றுச் சுற்றினாள்.
"கண்ணிலேயே படவில்லை," என்றாள்.
பாராட்டுத்தான்.
விரிசல் விட்டதைக் கேட்டாள்.
எடைக்குப் போட வைத்திருந்தேன், கொடுத்தேன்.
முன் இருக்கையில், வலது பக்கம், சாய்த்து வைத்தாள்.

சாவியைத் திருப்பியதும் கார் கத்தத் தொடங்கியது,
பெல்ட் போடச் சொல்லி.
கனம் ஏறினால் அதற்கு ஆள்தான்.

கொஞ்ச நேரம் கத்த விட்டாள்.
பிறகு எட்டி
பெல்ட்டை இழுத்து
ஆரக்கால்களுக்குக் குறுக்கே மாட்டினாள்.