ஏழு பிணங்களின் வசூல் கணக்கு

முதல் நாள் நாற்பத்தெட்டு டிக்கெட்.
மூன்றாம் நாள் பத்தொன்பது.
வெர்சோவாவில் மழை என்று
நோட்டின் ஓரத்தில் சமாதானம் எழுதினேன்.

நானூறு வருஷத்துக்கு முந்தைய லண்டன் நாடகம்.
ஒரு டியூக், அவன் தம்பிகள்,
முடிவில் மேடை நிறைய ஏழு பிணம்.
அப்போது சக்கைப்போடு போட்டதாம்.
வாசலில் மண் உண்டியலை நீட்டிக் காசு வாங்கி
ஆட்டம் கலைந்ததும் உடைத்து எண்ணுவார்கள் என்றாள்
இயக்குநர் ரொஷனாரா.
எண்ணியவனைத்தான் எனக்குத் தெரியும்போல் இருந்தது.
முதல் வாரம் உண்டியல் கழுத்துவரை.
பத்தாவது ஆட்டத்தில் அடியில் குலுங்கும் சில்லறை.
அப்புறம் நோட்டில் அந்தப் பெயரே வராது.
மேடையில் ஒவ்வொரு சாவுக்கும் இருபது வரி வசனம்;
நாடகம் செத்ததற்கு
எவனும் ஒரு வரி எழுதவில்லை.

கூட்டம் குறைந்தால் பேய் ஒன்றைச் சேர்ப்பார்களாம்.
நாங்களும் சேர்த்தோம், ஐந்தாம் நாளிலிருந்து.
அவர்களுக்குச் சட்டைக்குள் ஆட்டு ரத்தப் பை,
எங்களுக்கு பீட்ரூட் சாறும் பலூனும்.
கத்தி பட்டதும் வெடிக்க வேண்டியது
ஒருநாள் காதல் வசனத்திலேயே வெடித்தது.
அன்றைக்குத்தான் நல்ல கைதட்டல்.

ஞாயிறு மதியம் டிரான்ஸ்ஃபார்மர் போனது.
டிக்கெட் எடுத்தவர்கள் மூன்று பேர்.
அந்தக் காலத்தில் மட்டும் லைட் ஏது என்று
எல்லோரையும் முற்றத்துக்கு விரட்டினாள் ரொஷனாரா.
மழை விட்ட வெளிச்சம்,
வாதாம் இலையிலிருந்து சொட்டும் தண்ணீர்,
மதிலுக்கு அந்தப் பக்கம் கட்டுமான சாரத்தில்
பாவ் தின்றபடி பதினைந்து இருபது பேர்.
யார் டியூக், யார் எமன் என்று
ரெண்டாம் காட்சிக்குள் பிடித்துவிட்டார்கள்.

தம்பி கத்தியோடு பின்னால் வருகிறான்.
சாரத்தின் உச்சியிலிருந்து ஒருத்தி கத்தினாள்:
"மாகே பக்! அரே, மாகே பக்!"

டியூக் திரும்பிவிட்டான்.

பிரதியில் இல்லை அது.
தம்பியாக நடித்த கமலேஷ் கடமுக்கு
அடுத்த வரி, பிணத்தைப் பார்த்துப் பேச வேண்டியது.
வேறு தெரியாமல் அதையே பேசினான்.
டியூக் உயிரோடு நின்று
முழுசையும் கேட்டுக்கொண்டான்.
பிறகு, சாரத்தில் விசில் பறக்க,
கேட்டைத் திறந்து தெருவுக்கு ஓடிப்போனான்.

ராத்திரி நோட்டை எடுத்தேன்.
டிக்கெட் மூன்று.
மழை இல்லை.
பிணம் ஆறு.
பீட்ரூட் கால் கிலோ மிச்சம்.