எர்த்

பட்டறைக்கு வந்தால் நல்ல பிள்ளை.
மீட்டரில் பதினாலு புள்ளி இரண்டு.
ஹெட்லைட் போட்டாலும் பதினாலு,
ஹாரன் அடித்தால் இம்மி குறைவு.
மூக்கையூர் மணலில் இறங்கினால்தான்
பேட்டரி படம் போட்ட அந்தச் சிவப்பு விளக்கு
எட்டிப் பார்க்கும், உடனே மறையும்,
கடன் கொடுத்தவன் தெருவில் வரக் கண்ட
வீட்டு ஜன்னல் போல.

தஸ்நேவிஸ் ஒரு நோட்டு கொண்டுவந்தான்.
பேட்டரி இரண்டு. ஆல்டர்னேட்டர் ஒன்று.
பெல்ட். கார்பன் பிரஷ். மறுபடி பெல்ட்.
சாயல்குடியில் ஒருவர், கமுதியில் ஒருவர்,
தூத்துக்குடியில் இந்தக் கிழட்டு ஜீப்புக்குள்
லேப்டாப் வயரைச் செருக இடம் தேடிய ஒருவர்.
கடைசிப் பக்கத்தில்
மாதாவுக்கு மெழுகுவர்த்தி, ரூபாய் இருபது.

எப்போது எரியும்?
"எப்பவாச்சும்க்கா."
அப்படி ஒரு நேரம் கிடையாது, தஸ்நேவிஸ்.
வெயிலிலா, பள்ளத்திலா,
ஐஸ் பெட்டி ஏற்றிய பிறகா, இறக்கிய பிறகா?
நெடுநேரம் யோசித்து
"வல்லத்தக் கரைக்கு இழுக்கும்போது" என்றான்.
உடனே, "இல்ல, சில நேரம் சும்மாவும்" என்று
சொன்னதைத் தானே கடலில் போட்டான்.

ஷட்டரை இறக்கிவிட்டு அவனோடு போனேன்.
மடியில் மீட்டர், பானெட்டிலிருந்து
கதவிடுக்கு வழியாக நீண்ட வயர்.
கச்சான் காற்று பல்லுக்குள் மணலை வைத்தது.
பதினேழு நடை சூடைப் பெட்டி.
பதினேழு நடையும் பதினாலு புள்ளி இரண்டு.
"நீங்க இருந்தா வராது போலக்கா,"
நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்கிற மாதிரி.

உடைமர நிழலில் டீ.
பேச்சு வேறெங்கோ போய்
ஐஸ் விலை, டீசல் விலை, தங்கை வளைகாப்பு,
"இது வேற கம்ப்ளெயிண்டு, இப்ப வேணாம்,
ஆக்சிலரேட்டர் கேபிள் மாசத்துக்கு ஒண்ணு போகுது.
உறையெல்லாம் உருகிருது.
சைலன்சர் சூடா இருக்கும்."

சைலன்சர் அந்தப் பக்கம்.
கேபிள் இந்தப் பக்கம்.
டீயை மணலில் வைத்துவிட்டு எழுந்தேன்.

ஒரு முள் எஞ்சின் இரும்பில்.
ஒரு முள் பேட்டரியின் மைனஸில்.
நின்றபடி ஓடும்போது எண் சுழியத்தில் தூங்கியது.
வல்லத்தைக் கட்டு. லோ கியர். இழு.
கயிறு விறைத்தது,
எஞ்சின் தன் ரப்பர் மேல்
இரண்டு விரல்கடை சாய்ந்தது,
எண் எழுந்து உட்கார்ந்தது:
ஒன்று புள்ளி எட்டு.
"அக்கா, லைட்டு! லைட்டு!"
திருடனைப் பிடித்தது போல் கத்தினான்.

கீழே படுத்து டார்ச் அடித்தேன்.
எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே
ஒரு சாண் பின்னல் பட்டை.
மேலே கிரீஸ் பூசி முழுசாய்த்தான் இருந்தது.
விரலால் நசுக்கினேன், பச்சைப் பொடி.
உப்பு தின்றது போக நாலு இழை மிச்சம்.
நிற்கும்போது தொட்டுக்கொள்ளும்,
சாயும்போது விட்டுவிடும்.
விட்ட நேரமெல்லாம்
கரண்டு கேபிளைப் பிடித்துக்கொண்டு
தஸ்நேவிஸின் வலது கால் ஓரமாக
வீடு போய்ச் சேர்ந்திருக்கிறது.

புதுப் பட்டை நூற்றெண்பது ரூபாய்.
இரண்டு முனையும் பளபளக்கச் சுரண்டி,
முறுக்கி, மேலே வாசலின் தடவினேன்.

அவனுக்குச் சந்தோஷம் இல்லை.
நோட்டைத் திறந்து கூட்டினான்.
முப்பத்தெட்டாயிரத்துச் சொச்சம்.
"இவ்வளவுதானா?" என்றான் ஒருமுறை.
"இவ்வளவுதானாக்கா?" என்றான் மறுபடி,
இன்னும் பெரிதாக ஏதாவது
கெட்டிருக்கக் கூடாதா என்கிற குரலில்.

இந்த ஜாதி வியாதிக்குக்
குணமான தேதி என்று ஒன்று இல்லை.
வராத நாட்களை எண்ணலாம், அவ்வளவுதான்.
இன்று பதினொன்று.
நேற்று ராத்திரி போன் அடித்தது.
அவன் பெயரைப் பார்த்ததும் வயிற்றில் ஒரு சிவப்பு விளக்கு.
வளைகாப்புக்கு மைக்செட் ஓட்ட
பழைய பேட்டரிகளில் ஒன்று தேறுமா என்று கேட்டான்.

இரண்டுமே தேறும் என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.